‘உவர் ஆர்?’ என்று நீ கேட்ட பகல்

என் பிள்ளைக்கு,

நீயும் மருமகனும் பாய்ப்படகு வாங்கிய செய்தியும் வந்தது, படமும் வந்தது. படகு நல்ல வடிவு. உள்ளே கட்டில் இருக்கிறதாம், அடுப்பு இருக்கிறதாம், கக்கூசும் இருக்கிறதாம். எங்கள் வள்ளத்தில் அந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரு பலகைதான் இருந்தது. மீன் மணக்கிறது என்று பள்ளிக்கூடச் சட்டையை வீட்டுக்குள்ளேயே காயப்போட்டவள் நீ. கடல் பக்கமே திரும்பமாட்டேன் என்று படித்துக் கரையேறியவள், இப்போது காசைக் கொட்டி அதே பாயைப் பிடித்து இழுக்கப் போகிறாய் என்று நினைக்க எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று கிழமை நோர்வேக் கரையோரமாகப் போவீர்கள், நாளுக்கொரு சின்னத் தீவில் இறங்கிச் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்து எழும்புவீர்கள் என்றெல்லாம் எழுதியிருந்தாய். பேத்திக்கு நீச்சல் உடுப்பு வாங்கியதையும் எழுதியிருந்தாய். சந்தோசம்தான். ஆனால் கடைசி வரியில் ஒன்று கேட்டிருந்தாய் பார், அதை வாசித்தபிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

‘நீங்களும் அம்மாவும் என்னைத் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்களே, அந்த நாளைப் போல ஒரு நாள் என் பிள்ளைக்கும் வேண்டும். அன்றைக்கு எங்களோடு இருந்த அவர் யார் அப்பா? பேர் ஞாபகம் வரவில்லை’ என்று கேட்டிருந்தாய்.

அன்றைக்கு எங்களோடு ஒருவரும் வரவில்லை, பிள்ளை. உன் அம்மா, நீ, நான், மூன்று பேர்தான். இன்னொன்றும் சொல்லவேண்டும். நீ இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறாய். அன்று நீ அப்படிச் சொல்லவில்லை. ‘உவர்’ என்றாய். இருபது வருடம் நோர்வேயில் இருந்ததில் அந்தச் சொல் உன் வாயிலிருந்து உதிர்ந்திருக்கும். பேத்திக்கு அப்படி ஒரு சொல் இருப்பதே தெரியாது. சொல்லுகிறவருக்குப் பக்கத்தில் இருந்தால் இவர். இரண்டு பேருக்கும் தூரத்தில் இருந்தால் அவர். கேட்கிறவருக்குப் பக்கத்தில் இருந்தால் உவர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை எதை மாற்றிச் சொன்னாலும் இதை மாற்றிச் சொல்லாது. எனக்குப் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார் என்றுதான் நீ சொன்னாய்.

இந்தக் கடிதத்தை நான் மூடி ஒட்டவில்லை. ஒரு பிரதி உனக்கு, மற்றது எங்கள் தேவாலயப் பங்கு மலருக்கு. ஊரில் பாதிப் பேருடைய கடிதங்களை எழுதிக் கொடுத்த கை இது. வெளிநாட்டுக்கு, நீதிமன்றத்துக்கு, காணாமல் போனவர்களைத் தேடுகிற கந்தோர்களுக்கு என்று எத்தனையோ எழுதியிருக்கிறேன். உன் பெரியம்மாவுக்காக மட்டும் பதினேழு விண்ணப்பம் எழுதினேன். ‘எனது கணவர் தொழிலுக்குப் போய் இன்றுவரை வீடு திரும்பவில்லை’ என்று ஒவ்வொன்றையும் தொடங்கினேன். அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொண்டே எழுதினேன். ஆகவே இதை நீ மட்டும் வாசித்தால் போதாது, ஊரும் வாசிக்கட்டும். கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்கப்போகிறேன். அதுவரைக்கும் பொறுமையாக வாசி.

உன் பெரியப்பா, என் ஒரே அண்ணை, நீ பிறப்பதற்கு முதல் வருடம் கடலில் காணாமல் போனவர் என்று உனக்குச் சொல்லி வளர்த்தோம். எண்பதுகளின் நடுப்பகுதி அது. கடலுக்குப் போகத் தடை, போனால் கடற்படையின் சூடு, போகாவிட்டால் பட்டினி. நானும் அண்ணையும் ஒரே வள்ளத்தில் தொழில் செய்தோம். பாய் இழுக்க ஒருவர், சுக்கான் பிடிக்க ஒருவர். அன்று காலை அண்ணை வந்து என் வீட்டுப் படலையடியில் நின்று கூப்பிட்டார். எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை. முதல் நாள் கரையில் இரண்டு பேரைச் சவமாகக் கொண்டுவந்து கிடத்தியிருந்ததைப் பார்த்த பயம். ‘படு, படு. நான் கரையோடை போட்டு வாறன்’ என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் சின்ன வள்ளத்தை வாங்கிக்கொண்டு தனியே போனார். என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டிருந்தால் பொய் தெரிந்திருக்கும். நான் வெட்கப்படக்கூடாது என்றுதான் தொடாமல் போனார் என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் பயத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு, நான் ஒருவருக்கும் சொல்லாமல் எங்கள் வள்ளத்தில் போனேன். தெற்கே, ஆள் இல்லாத சின்ன மணல் திட்டி ஒன்று இருக்கிறது. தாழைப் புதரும் இராவணன் மீசைப் புல்லும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. நாங்கள் வலை காயப்போட இறங்குகிற இடம். அங்கே கிடந்தார்; கொண்டுபோன சின்ன வள்ளம் அங்கே இல்லை. எப்படிச் செத்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் உடம்பைத் திருப்பித் தேடவில்லை. ஏற்றிக்கொண்டு வந்தால் வழியில் ரோந்துப் படகு மறிக்கும், என்னையும் அதோடு சேர்த்து எடுக்கும் என்று பட்டது. வள்ளத்துத் தண்ணீர் இறைக்கிற தகரத்தால் குழி கிண்டினேன். வாய் திறந்திருந்தது. செத்தவர்களை அப்படி விடக்கூடாது என்று உனக்குத் தெரியும். இடுப்பில் கட்டியிருந்த என் சாரத்தின் ஓரத்தைக் கிழித்து, நாடிக்குக் கீழே தாடையைச் சேர்த்துக் கொடுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டேன். நீலக் கட்டம் போட்ட சாரம். பிறகு மணல் தள்ளி மூடினேன். ஒரு பரமண்டலச் செபம் சொல்லத் தொடங்கிப் பாதியில் மறந்துபோனேன்.

கரைக்கு வரும்போது சொல்லத்தான் வந்தேன். அந்தத் தூரம் முழுவதும் எப்படிச் சொல்லுவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். உன் பெரியம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்றார். வள்ளம் தரை தட்டுவதற்கு முதலே ‘கண்டனியோ?’ என்று கேட்டார். ‘காணேல்லை’ என்று என் வாய் சொல்லிவிட்டது. நான் சொல்லவில்லை, வாய்தான் சொன்னது என்று எத்தனையோ தரம் எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். கண்டேன் என்றால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். நீ ஏன் அவரோடு போகவில்லை என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கட்டிப்போட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று படுத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால், அவரை ஆரோ பிடித்துக்கொண்டு போனதாகவும் தெற்கே ஏதோ முகாமில் வைத்திருப்பதாகவும் ஊர் கதைக்கத் தொடங்கிவிட்டது. பெரியம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம். அதை அணைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

உடல் இல்லாமல் சாவு இல்லை. முப்பத்தோராம் நாள் பூசை கொடுக்கவில்லை. பெரியம்மா கறுப்போ வெள்ளையோ உடுக்கவில்லை. இன்றைக்கும் நிறச் சீலைதான். ஆத்துமாக்கள் திருநாளில் ஊர் முழுவதும் சேமக்காலைக்குப் போய் அவரவர் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தும்போது, ‘எனக்கு அங்கை ஒருத்தரும் இல்லை’ என்று சொல்லி வீட்டிலேயே இருப்பார். நீ சின்னப் பிள்ளையாக அவருக்குத் துணை இருந்திருக்கிறாய். அவர் அழுததை நீ எப்போதாவது கண்டிருக்கிறாயா? நான் கண்டதில்லை. அழுதால் அவர் செத்துப்போனார் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தாராக்கும்.

இனி உன்னுடைய அந்த நாளுக்கு வருகிறேன். தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில் சண்டை நின்றிருந்த சில மாதங்கள். மண்ணெண்ணெய் இல்லாமல் மெசின் பூட்டிய வள்ளங்கள் கரையில் காய்ந்துகொண்டிருந்தன. அதனால் என் பழைய பாய் வள்ளம்தான் அந்தக் கரைக்கு ராசா. வாடைக்காற்று ஓய்ந்து, சோளகக் காற்று இன்னும் எழும்பாத இடைக்காலம். ஒரு நாளைக்குக் கடலில் உலாவிவிட்டு வருவோம் என்று நான் சொல்ல, உன் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். ‘இஞ்சருங்கோ, உங்களுக்கு என்ன நடந்தது? கலியாணம் கட்டின புதுசிலையும் ஒருக்கா கூட்டிக்கொண்டு போகேல்லை’ என்றாள். உங்களைச் சந்தோசப்படுத்தப் போனதாக நீ நினைத்திருக்கிறாய். அதுவும் உண்மை, பாதி. மற்றப் பாதி, அண்ணை கிடக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும், தனியே போகப் பயம். அதற்கு உங்கள் இருவரையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எட்டு வயதுப் பிள்ளையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போன தகப்பன் நான்.

போகும்போது நீ வள்ளத்தின் முன் அணியத்தில் குப்புறப் படுத்துக் கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு வந்தாய். பாய் முழுதாய் நிறையவில்லை, தொய்யவும் இல்லை. வள்ளம் போகிற சத்தமே கேட்கவில்லை. வழியில் கொஞ்சம் ஓரா மீன் கிடைத்தது. வெயில் ஏறுமுன் திட்டியில் இறங்கினோம். பாயைக் கழற்றிக் கொண்டுபோய்த் தாழையிலும் இரண்டு கோலிலும் கட்டி நிழல் போட்டேன். அம்மா கல் வைத்து அடுப்பு மூட்டிச் சோறு போட்டாள். நீ கரையோரமாகச் சிப்பியும் சோகியும் பொறுக்கினாய். எல்லாம் நீ நினைவு வைத்திருக்கிறபடிதான். நீ நினைவு வைத்திராத ஒன்று அந்த இடத்தின் அமைதி. எப்போதும் அந்தத் திட்டியில் கடற்காகங்கள் சண்டை பிடிக்கும். அன்றைக்கு ஒன்றுகூட இல்லை. அடுப்புப் புகை நேரே மேலே போனது. உன் அம்மா ‘என்னப்பா, காது அடைச்ச மாதிரிக் கிடக்கு’ என்று இரண்டு தரம் காதைக் குடைந்தாள்.

நான் விறகு பொறுக்குகிற சாட்டில் தேடினேன். ஒன்பது வருடத்தில் மணல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. அன்று ஒரு தாழை; இப்போது ஆறு ஏழு. மேடாய் இருந்த இடம் பள்ளம், பள்ளம் மேடு. காலால் கிளறிப் பார்த்தேன், கோலால் குத்திப் பார்த்தேன். என் அண்ணையை நானே தொலைத்துவிட்டேன். திரும்பி வந்து வள்ளத்தைப் பார்த்தால், கடல் வற்றிப்போய் வள்ளம் சேற்றில் சரிந்து கிடந்தது. அந்த நாளில் வற்று எப்போது வரும் என்று நித்திரையிலும் சொல்லக்கூடியவன் நான். அன்று பார்க்க மறந்திருந்தேன். பின்னேரம் பெருக்கு வரும்வரை அங்கேயிருந்து ஒருவரும் அசைய முடியாது. நிழலுக்கு வெளியே, வெறும் மணலில் அப்படியே இருந்துவிட்டேன். அந்த இடத்தை நான் தெரிந்தெடுக்கவில்லை. கால் விட்ட இடத்தில் இருந்தேன்.

நீ தண்ணீர்க் கரையிலிருந்து சோகியைச் சட்டையில் ஏந்திக்கொண்டு வந்தாய். ஒரு இருபது அடி தள்ளி நின்றாய். வெட்கப்படுகிற முகம் உனக்கு. வீட்டுக்குப் புது ஆள் வந்தால் அப்படித்தான் நிற்பாய்.

‘அப்பா, உவர் ஆர்?’ என்றாய்.

‘எவர்?’

‘உங்களுக்குப் பக்கத்திலை இருக்கிறவர்.’

நான் வலப்பக்கம் பார்த்தேன், இடப்பக்கம் பார்த்தேன். மணல்தான். உன் நிழல் ஒன்று, என் நிழல் ஒன்று. பகிடி விடுகிறாய் என்று நினைத்து, ‘உவர் என்ரை கூட்டாளி. கும்பிடு போடு’ என்றேன். நீ உண்மையாகவே கும்பிட்டாய். பிறகு சிரித்தாய், ஆரோ திருப்பிக் கும்பிட்டால் சிரிக்கிற மாதிரி. எனக்கு அப்போதுதான் முதுகில் குளிர்ந்தது. பட்டப்பகல், கொதிக்கிற மணல். அந்தக் குளிரை நான் மறக்கவில்லை.

அம்மா சோற்றுக்குக் கூப்பிட்டாள். மூன்று கோப்பையில் சோறும் ஓரா மீன் சொதியும் போட்டுக் கொடுத்தாள். நீ உன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்து மணலில் மெதுவாக வைத்தாய். ‘உவருக்கு ஒண்டும் குடுக்கேல்லை’ என்றாய். அம்மா சிரித்தாள், பிள்ளை விளையாடுகிறது என்று. ‘பசிச்சால் கேப்பார்தானே, நீ சாப்பிடு’ என்றாள். நீ போகவில்லை. குந்தியிருந்து, உனக்கு நேரே இருக்கிற ஒருவரின் முகத்தைப் பார்க்கிற உயரத்தில் பார்த்தாய். பிறகு என்னிடம் திரும்பி, இரங்கின குரலில் கேட்டாய்.

‘அப்பா, உவருக்குப் பல்லுக் கொதியோ? நாடியைச் சுத்திக் கட்டியெல்லோ இருக்கிறார். உங்கடை சாரம் மாதிரி நீலக் கட்டம்.’

அடித்தேன். கன்னத்தில், முழுக் கையாலும். கோப்பை கவிழ்ந்து சோறு மணலில் கொட்டியது. உன்னை நான் அடித்தது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தரம்தான். சோற்றைக் கொட்டினதற்கு அடித்தார் என்று நீ பிறகு உன் சிநேகிதிகளுக்குச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அடித்த பிறகுதான் பிள்ளை, சோறு கொட்டினது. உன் அம்மா எழும்பி ஓடிவந்து, ‘என்னப்பா, உங்களுக்கு விசரோ? பிள்ளை என்ன செய்தவள்?’ என்று என்னைத் தள்ளினாள். வீட்டில் பெரியப்பாவின் கலியாணப் படம் ஒன்று இருந்தது. நீ அதைப் பார்த்து வளர்ந்தவள்தான். ஆனால் படத்தில் அவர் கோட்டுப் போட்டு, தலை வாரி, வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். அந்தத் துணி எனக்கும் மணலுக்கும் மட்டும் தெரிந்த துணி.

நீ அழவில்லை. கன்னத்தைப் பொத்திக்கொண்டு என் பக்கத்தைப் பார்த்தாய், அங்கேயிருந்து ஆராவது உனக்காகப் பேசுவார்கள் என்ற மாதிரி. பிறகு அம்மாவின் மடியில் போய்ப் படுத்தாய். அம்மா உன்னைத் தடவிக்கொண்டிருந்து அப்படியே நித்திரையாகிப் போனாள். நான் மட்டும் இருந்தேன். எழும்ப எனக்குப் பயம். எழும்பினால் பக்கத்தில் இருப்பவரும் எழும்புவார் என்று நினைத்தேன். கடல் தூரத்தில் தட்டையாய்க் கிடந்தது. பெருக்கு வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ‘அண்ணை’ என்று ஒரு தரம் மெல்லக் கூப்பிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க அந்த இடத்தைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திராது. கேட்கவில்லை. தண்ணீர் எப்போது வரும் என்றுதான் யோசித்தேன்.

வெயில் சாயத் தண்ணீர் வந்தது. சட்டி முட்டியை அள்ளிப் போட்டு, பாயை அவசரமாய்க் கட்டி, உன்னைத் தூக்கிக்கொண்டு போய் வள்ளத்தில் ஏற்றினேன். ‘உவர் வரேல்லையோ?’ என்று என் தோளில் கிடந்தபடி கேட்டாய். நான் கோலை ஊன்றித் தள்ளினேன். காற்றுப் பிடித்தது. நான் சுக்கானில், திட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நீ எனக்கு எதிரே, திட்டியைப் பார்த்துக்கொண்டு. ஒரு நூறு பாகத் தூரம் போயிருப்போம். அப்போது நீ கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னாய்.

‘அப்பா, அவர் படுத்திட்டார்.’

உவர் இல்லை, அவர். இப்போது எங்கள் இருவருக்கும் தூரத்தில். எங்களோடு வரவில்லை, அங்கேயே தங்கிவிட்டார் என்று எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என் மூஞ்சையில் நானே துப்பவேண்டும் போல இருக்கும். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்காவது கரையில் இறங்கி நேரே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதே வருடக் கடைசியில் ஊரே எழும்பிச் சாவகச்சேரிப் பக்கம் போனபோது, பெரியம்மா வரமாட்டேன் என்று நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும். ‘அவர் வந்து பார்த்திட்டு, ஒருத்தரும் இல்லை எண்டு திரும்பிப் போனால்?’ என்று கேட்டார். நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். உடனே அடுப்பங்கரைக்குள் ஓடிப்போய்க் கரித்துண்டு எடுத்துவந்து, கதவில் பெரிய எழுத்தில், நாங்கள் சாவகச்சேரிக்குப் போகிறோம், தேவாலயத்தில் விசாரிக்கவும் என்று எழுதினார். பக்கத்தில் நின்ற என்னிடம், ‘தம்பி, பிழை இருக்கோ பார்’ என்றார். நான் வாசித்துப் பார்த்து, ஒரு எழுத்துக்குக் கால் விடுபட்டிருந்ததைப் போட்டுக் கொடுத்தேன். என் பாவங்களிலெல்லாம் பெரியது எது என்று கேட்டால், காணேல்லை என்று சொன்னது இல்லை. அந்தக் காலைப் போட்டுக் கொடுத்ததுதான் என்று சொல்லுவேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் தகப்பன், சொல்லாமல் இருக்க வாய் விடாது. தீவில் இறங்குவதற்கு முதல் வற்று எப்போது, பெருக்கு எப்போது என்று பார்த்துக்கொள். மருமகன் கருவியில் பார்ப்பார்; நீ தண்ணீரைப் பார். உன் பிள்ளை உனக்குத் தெரியாத ஒன்றைக் கண்டேன் என்றால், இல்லை என்று சொல்லாதே, அடிக்காதே. பக்கத்தில் இருத்தி, எப்படி இருந்தது என்று கேள். பயம் வந்தால் பயம் என்றே சொல். காய்ச்சல் என்று சொல்லாதே. கெட்ட செய்தியை அன்றைக்கே சொல்லிவிடு. அடுத்த நாளைக்கு அது அதே செய்தியாக இருக்காது, அதன்மேல் நீ மறைத்ததும் ஏறி இருக்கும். உன் அம்மாவுக்குக்கூடச் சொல்லாமல்தான் அவளைச் சேமக்காலைக்கு அனுப்பிவைத்தேன். ஏன் அன்று பிள்ளையை அடித்தீர்கள் என்று கடைசிக் கிழமைகூடக் கேட்டாள். மறந்துபோச்சு என்றேன்.

உன் கடிதம் வந்து மூன்றாம் நாள், காலைப் பூசை முடிந்து நேரே பெரியம்மாவிடம் போனேன். முற்றத்தில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சலில் தொடங்கி, தகரத்தால் கிண்டினது, காணேல்லை என்றது, பதினேழு விண்ணப்பம், கதவில் போட்ட கால், திட்டியில் நீ கண்டது வரைக்கும். அவர் நிமிரவில்லை. பாயில் கிடந்த கருவாடு முழுவதையும் ஒவ்வொன்றாய்த் திருப்பி முடித்தார். பிறகு கையைக் கழுவினார். விளக்குமாற்றை எடுப்பார், ஊரைக் கூட்டுவார் என்று காத்திருந்தேன். அதற்கெல்லாம் ஆயத்தமாகத்தான் போனேன்.

‘வாயைக் கட்டினியோ?’ என்று கேட்டார்.

‘ஓம், மச்சாள். என்ரை சாரத்தாலை.’

‘கண்?’

‘மூடினனான்.’

‘தலை எந்தப் பக்கம்?’

எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. கிண்டினது தெரியும், முடிச்சுப் போட்டது தெரியும், மணல் தள்ளினது தெரியும்; எந்தப் பக்கம் தலை வைத்தேன் என்பது மட்டும் இல்லை. அவசரத்தில் கிடந்தபடியே உருட்டியிருப்பேன். ‘தெரியேல்லை, மச்சாள்’ என்றேன். அப்போதுதான் முதல் தரமாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

‘உது கூடத் தெரியாமலோ இவ்வளவு காலமும் ஒளிச்சு வைச்சிருந்தனி? பெண்சாதி தலைமாட்டிலை இருந்தெல்லோ அழுறது. கால்மாட்டிலை இருந்து அழ நான் என்ன ஊராளோ?’ பிறகு சொன்னார்: ‘பிள்ளை கண்டவள் எண்டு சொல்லுறாய். அவளிட்டைக் கேட்டுக்கொண்டு வா, தம்பி. கேட்டுக்கொண்டு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ.’

நீ கண்டது கனவா, வெயிலா, என் குற்றம் உன் கண்ணில் விழுந்ததா, எனக்குத் தெரியாது. கேட்கிறவர் பெரியம்மா. அவருக்கு எழுபத்து நாலு வயது. வள்ளத்தில் ஏறி இறங்க இன்னும் ஒரு வருடமோ இரண்டு வருடமோதான் முடியும். நான் அன்று திரும்பிப் பார்க்கவில்லை, நீ பார்த்துக்கொண்டிருந்தாய். ‘அவர் படுத்திட்டார்’ என்றாயே, அப்போது அவருடைய தலை கடல் பக்கம் இருந்ததா, தாழைப் பக்கம் இருந்ததா? படகில் ஏறுவதற்கு முதல் எனக்கு எழுது, பிள்ளை. பெரியம்மா இன்னும் அழவில்லை.

உன் அப்பா